மஞ்சள் பனியன்

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்றைக்குப் பயிற்சி பிரமாதம். இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் தற்பெருமை அடித்துக்கொள்கிறேன். என் டைரிதானே, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கடைசி ஆட்டத்தில் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பந்தைக் குதிகாலால் பின்பக்கம் தட்டிவிட்டேன். அது ஒருத்தியின் கால்களுக்கு நடுவே புகுந்து நேராக எங்கள் இடது ஓரக்காரியிடம் போனது. அவள் அடித்தாள், கோல். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வயது நாற்பத்திரண்டு, வலது முழங்காலில் ஆபரேஷன் தழும்பு, இடுப்பில் வேண்டாத சதை. இருந்தாலும் கால் எதையும் மறக்கவில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது.

இந்த மஞ்சள் பனியன் வழக்கம் தற்செயலாக வந்ததுதான். நான் இந்தப் பெண்கள் அணிக்குக் கோச்சாக வந்த முதல் வாரம், சிவப்பு நீலம் என்று இரண்டாகப் பிரித்தபோது ஓர் ஆள் குறைந்தது. சரி, நானே ஆடுகிறேன் என்று மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். சீட்டுக்கட்டில் ஜோக்கர் மாதிரி. பந்து சிவப்பிடம் இருந்தால் நான் சிவப்பு, நீலத்திடம் போனால் நீலம். அதுவே பழகிவிட்டது. இப்போது ஆள் சரியாக இருந்தாலும் நான்தான் ஜோக்கர். யாராவது ஒருத்தி எனக்கு இடம் விட்டு வெளியே உட்கார்ந்துகொள்வாள். அநேகமாகப் பூனை. மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். சத்தமில்லாமல் வருவாள், சத்தமில்லாமல் போவாள், அதனால் அந்தப் பெயர். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஒரே ஒரு குறை. சனிக்கிழமை ஆனால் தோற்கிறோம்.

பிப்ரவரி 21, சனி

0-3. செவ்வாய்க்கிழமை ஆடின அதே பெண்கள்தானா இவர்கள்? பந்து காலுக்கு வருகிறது, தலையை நிமிர்த்தி நடுவே பார்க்கிறார்கள், அப்புறம் திருதிருவென்று முழிக்கிறார்கள். அதற்குள் எதிராளி வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். என்னத்தைத் தேடுறாங்க? எனக்கு ஒண்ணும் புரியல.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் கிளப் செயலாளர் போன் செய்தார். டைல்ஸ் கடை முதலாளி, கிளப்புக்கு உடுப்பும் பந்தும் வாங்கித் தருகிறவர், பேச்சில் எப்போதும் மரியாதை. கெட்ட செய்தியைச் சொல்லும்போது மரியாதை இன்னும் கூடிவிடும். இன்றைக்கு ரொம்பவே கூடியிருந்தது.

பத்து அணிகளில் நாங்கள் ஒன்பதாவது. கடைசி இரண்டு அணிகளும் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவில்தான் ஆட வேண்டும். மீதி இருப்பது நான்கு ஆட்டம். "கீழ போயிட்டா கமிட்டி வேற கோச்சைத் தேடும் மேடம். என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அப்புறம் நயமாக இன்னொன்று: சீசன் ஆரம்பத்தில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் பெயரையும் ஆட்டக்காரர் பட்டியலில் சேர்த்தோமே, நீங்களே ஒருநாள் இறங்கலாமே? நான் கோச், ஆடுகிறவள் இல்லை என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும் கெத்து எல்லாம் போய்விட்டது. இருபது வருடம் ஆடினேன். ஆடி முடித்தவளை இந்த விளையாட்டில் யார் கூப்பிடுகிறார்கள்? ஒரு பரிசளிப்பு விழாவுக்குக் கூப்பிடுவார்கள், மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இந்த வேலை வேண்டும். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மைதானத்துக் கதவைத் திறக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வருவதில்லை. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம். இவர்தான் வேனில் கொண்டுவந்து விட்டார். என் வீட்டுக்காரருக்குத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். கால்பந்து பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் முழங்கால்தான். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று, பார்வையாளர் படிகளில் மேலே ஏறி நின்று ஆட்டத்தைப் போனில் படம் பிடிக்கச் சொன்னேன்.

திட்டம் இதுதான். சனிக்கிழமை ஆட்டத்தைக் கிளப்பில் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதையும் இன்றைய பயிற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவேன். பார்த்ததும் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போவார்கள்.

இன்றைக்கும் அருமையாக ஆடினோம்.

பிப்ரவரி 26, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

உடை மாற்றும் அறையில் ஐஸ் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்தேன். எல்லாரும் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். முதலில் சனிக்கிழமை. தப்பும் தவறுமாக ஓடியது, நானும் ஒன்றுவிடாமல் குத்திக் காட்டினேன். அப்புறம் செவ்வாய்க்கிழமையைப் போட்டேன். பாருங்க, இதுவும் நீங்கதான், பந்து எவ்வளவு அழகா போகுது என்றேன். ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

"எங்க போகுது பந்து? சொல்லுங்க. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க."

எங்கள் கேப்டனுக்குப் பெயரே வக்கீல். ரெஃபரியிடம் வாதாடியே மஞ்சள் அட்டை வாங்குகிறவள். அவள்கூட ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடுவதாக இல்லை. பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். மறுபடி கேட்டேன். கடைசியில் மூலையிலிருந்து பூட்டு, எங்கள் கோல்கீப்பர், மெதுவாகச் சொன்னாள்.

"உங்ககிட்டதான்க்கா போகுது."

யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது. அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் நான் படத்தைப் பார்த்தேன். அதுவரை அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள். நடுவில் மஞ்சள். ஒவ்வொரு பந்தும் என்னிடம் வருகிறது, என்னிடமிருந்து போகிறது. போன வாரம் மூன்று பேர் சூழ்ந்தார்கள் என்று எழுதினேனே, இதிலும் மூன்று பேர் சூழ்கிறார்கள். எங்கே சூழ்கிறார்கள்? ஒரு கை தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். என் காலில் யாரும் கால் வைக்கவில்லை. என்மேல் யாரும் மோதவில்லை. பந்தைத் தட்டி முடித்ததும் கையைத் தட்டுகிறார்கள்.

வக்கீல் எழுந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. டீமுக்கு ஆள் எடுக்கிறதே நீங்க. உங்க காலை யாரு தட்டிவிடுவா? செவ்வாயும் வியாழனும் எல்லாத்தையும் உங்ககிட்ட குடுத்துப் பழகிட்டோம். சனிக்கிழமை பார்த்தா அந்த எடம் காலியா இருக்கு."

என் முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப்பை மூடினேன். மைதானத்தைச் சுற்றி ஓடுங்கள் என்று எல்லாரையும் விரட்டினேன். கோபம் வந்தால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, வெள்ளி

சரி, அப்ப நான் இவ்வளவு நாளா ஆடினது என்ன? கண்ணாமூச்சியா? சின்னக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி எனக்கு விட்டுக்கொடுத்திருக்காங்க. அந்தக் குதிகால் தட்டு. அதுக்கு ஒரு கைதட்டல் வேற. எனக்குத் தெரியாம போச்சே. ஒரு வருஷமா தெரியாம போச்சே. அணியையே என்னைச் சுத்திக் கட்டிட்டு, சனிக்கிழமை கட்டினவளே கோட்டுக்கு வெளியே நின்னு கத்திக்கிட்டிருந்திருக்கேன்.

இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். படம் பிடிச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல என்று எரிந்து விழுந்தேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "எனக்கு ஆட்டம் எங்க தெரியும்? உன்னைத்தான் பார்த்தேன். ஆடுறதை நிறுத்தினதிலேருந்து நீ அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததில்ல. அதை எப்படிச் சொல்லி நிறுத்துறது?"

அழுதுவிட்டேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரி 28, சனி

1-2. தோல்விதான். ஆனால் இந்த முறை எங்கே பார்ப்பது என்று தெரிந்ததால் பார்த்தேன். நடு வட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலி மனை. வேலி போட்டு வீடு கட்டிக் குடியேறலாம். அவ்வளவு இடம்.

மார்ச் 3, செவ்வாய்

மஞ்சள் பனியனைப் பையிலேயே விட்டுவிட்டு வெளியே நின்றேன். பயிற்சி கண்றாவி. பந்து இங்கும் அங்கும் முட்டி மோதிக்கொண்டு கிடந்தது. என் கைகளை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், பின்னால் கோத்தேன்.

நடுவில் ஒரு பந்து கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தது. காலால் நிறுத்தினேன், பாதத்தால் உருட்டி மேலே தூக்கினேன், ஒரு தட்டு. நிமிர்ந்து பார்த்தால் மைதானத்துக்குள் பத்தடி போயிருக்கிறேன்! வக்கீல் பார்த்தாள், அவ்வளவுதான். அசடு வழிய வெளியே வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

பனியனைப் பூனையிடம் கொடுத்தேன். மருந்துச் சீட்டைப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். நான் ஆடுகிற மாதிரி ஆடு, போதும் என்றேன். சரிக்கா என்றாள்.

சரிக்கா என்று சொன்னவள் அதைச் செய்யவே இல்லை. பந்து வந்தால் இரண்டே தட்டு, கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். நான் கத்தினேன். திரும்பு! தூக்கி அடி! அந்தப் பக்கம் பார்! அவள் பாட்டுக்குக் கிட்டத்தில் நிற்கிறவளிடம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அப்புறம் வக்கீல் ஒரு மோது மோதினாள் பாருங்கள், பூனை நான்கு கால் பாய்ச்சலில் போய் விழுந்தாள். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி பந்து கேட்டாள். எனக்குச் சுரீரென்று உறைத்தது. என்னை ஒருநாளாவது இப்படித் தள்ளிவிட்டிருப்பார்களா?

முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, நீங்க கத்துறது எல்லாம் நீங்க ஆடுறதுக்கு. எனக்கு அவ்வளவு தூரம் அடிக்க வராது. யாராவது கொஞ்சம் கிட்ட வந்து நின்னா போதும்."

இதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, பசிதான் எடுத்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே தட்டில் பட்டாணியை அடுக்கிப் பார்த்தேன். இடது ஓரக்காரியைப் பத்தடி உள்ளே இழுத்தால்? வக்கீல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்காமல் முன்னால் ஏறி வந்தால்? மகள், "அம்மா, சாப்பிடுறியா வேலை பாக்குறியா?" என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

மார்ச் 7, சனி

0-0. பூனை முதல் பதினொன்றில். கோல் அடிக்கவில்லை, வாங்கவும் இல்லை. பந்து வந்ததும் யாரும் முழிக்கவில்லை. ஒரு புள்ளி. யாராவது பார்த்திருந்தால் கோப்பையே வாங்கிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவு குதித்தோம்.

மார்ச் 10, செவ்வாய்

முழங்காலுக்கு ஐஸ் வைப்பதையே மறந்துவிட்டேன். ஃப்ரிட்ஜில் இப்போதுதான் ஐஸ்கிரீமுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், மகளுக்கு ஏக சந்தோஷம்.

மார்ச் 14, சனி

ஜெயித்தோம்! 2-1. இரண்டு கோலும் நடுவிலிருந்து வந்தது, இரண்டும் நான் நினைத்தே பார்க்காத வழியில். என்னிடம் அந்தப் பந்து இருந்திருந்தால் தூக்கி மறு ஓரத்துக்கு அடித்திருப்பேன், ஊரே வாயைப் பிளந்திருக்கும், கோல் விழுந்திருக்காது. இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை.

எட்டாவது இடத்துக்கு வந்துவிட்டோம். ஒன்பதாவது அணி எங்களுக்கு ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். கடைசி ஆட்டம் அவர்களோடு. தோற்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 20, வெள்ளி

பையை எடுத்து வைத்தேன். விசில், எழுதும் அட்டை, தண்ணீர், மாற்று ஆட்டக்காரர் சீட்டு. என் பூட்ஸ். வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன். பழைய எட்டாம் நம்பர் ஜெர்சி. இவர் கதவருகே நின்று பார்த்துவிட்டு, அவசரத்துக்கா என்று கேட்டார். அவசரத்துக்கு என்றேன். ஜிப்பை மூடிக் கொடுத்தார்.

மார்ச் 21, சனி

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல். இடது ஓரக்காரி, உள்ளே வந்து அடித்தது. செயலாளர் படியில் நின்று கைக்குட்டையைச் சுழற்றினார். இடைவேளைக்கு அப்புறம் ஒரு கார்னரில் அவர்கள் திருப்பி அடித்துவிட்டார்கள். 1-1. இன்னொன்று வாங்கினால் தீர்ந்தது கதை.

இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது பூனையின் கணுக்காலில் ஒருத்தி ஏறி மிதித்துவிட்டாள். இருவர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஸ்ப்ரே அடித்தார்கள். உள்ளே பத்துப் பேர்.

செயலாளர் படியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. மரியாதை எல்லாம் வழியிலேயே விழுந்துவிட்டது.

"நீங்க இறங்குங்க மேடம். பேரு லிஸ்ட்ல இருக்கு. இதுக்குத்தானே போட்டு வச்சோம்?"

பையைத் திறந்தேன். பொய் சொல்லக்கூடாது, காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேனோ என்னவோ. செருப்பைக் கழற்றி வலது காலில் பூட்ஸை மாட்டிக் கயிற்றை இறுக்கினேன். உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. இருபது நிமிடம்தானே, முழங்கால் தாங்கும்.

இடது காலுக்குக் குனிகிறபோது மைதானத்தைப் பார்த்தேன்.

பத்துப் பேர் நெருங்கி வந்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. வக்கீல் முன்னால் ஏறி நின்றாள். இடது ஓரக்காரி உள்ளே. பூட்டு பந்தைத் தூக்கி அடிக்காமல் கையால் உருட்டி விட்டாள். ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு, கிட்டத்தில், கிட்டத்தில். ஒருத்தியும் காலி இடத்தைத் தேடவில்லை. ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் சுருக்கென்றது. ஒருத்தியாவது பார்த்திருக்கலாம்.

அப்புறம் புரிந்தது. நான் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் பந்து என்னிடம் வரும். இரண்டாவதும் என்னிடம். மூன்றாவது வரும்போது, என்னை மதிக்க வேண்டிய அவசியமே இல்லாத எதிராளி ஒருத்தி வந்து பிடுங்கிக்கொண்டு போவாள். ஒரு மாதமாக இவர்கள் கற்றுக்கொண்டதை எல்லாம் என் வலது கால் ஒரு நிமிடத்தில் கலைத்துவிடும்.

பக்கத்திலிருந்து பூனை சொன்னாள். "நான் போறேன்க்கா. வீக்கம் இல்ல. மருந்துக் கடையில இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எழுந்து குதி என்றேன். அடிபட்ட காலில் குதித்தாள். இன்னொரு தடவை என்றேன். குதித்தாள். முகத்தைப் பார்த்தேன், பொய் இல்லை.

"போ."

போனாள். கோட்டைத் தாண்டும் முன் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணை மாட்டாதீங்கக்கா" என்றாள். பூனையாம் பூனை! வாய் மட்டும் எங்கிருந்து வந்ததோ.

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மீதி நேரம் முழுக்க வலது காலில் பூட்ஸும் இடது காலில் செருப்புமாக நொண்டிக்கொண்டே கோட்டோரம் ஓடினேன். கழற்றத் தோன்றவில்லை, நேரமும் இல்லை. கடைசி நிமிடத்தில் அவர்கள் அடித்த ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பூட்டு அதன்மேல் விழுந்து குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டாள். விசில்.

1-1. எட்டாவது இடம். கீழே போகவில்லை.

எல்லாரும் ஓடி வந்து என்மேல் விழுந்தார்கள். வக்கீல் மோதிய மோதலில் நிஜமாகவே கீழே விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. அப்படியே கிடந்து சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. ஒரு வருடத்தில் என்மேல் ஒருத்தி மோதியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 22, ஞாயிறு

குழுப் படம் வந்திருக்கிறது. எல்லாரும் முகங்களைப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் என் கால்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

செயலாளர் பேசினார். மரியாதை திரும்பி வந்துவிட்டது, ஆனால் அளவாக. அடுத்த சீசனும் நீங்கள்தான் என்றார். ஒரே ஒரு வேண்டுகோள் என்றேன், ஆட்டக்காரர் பட்டியலில் என் பெயர் வேண்டாம். அவசரத்துக்கு என்று இழுத்தார். அவசரத்துக்கு அவர்களே போதும் என்றேன். சொன்னதும் லேசாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாடிக்குப் போய்த் துணி உலர்த்தும்போது கனத்தது. ஜெர்சியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். மகள் தூங்கும்போது போட்டுக்கொள்ளக் கேட்டாள், கொடுத்துவிடலாம்.

மே 5, செவ்வாய்

விடுமுறை முடிந்து முதல் பயிற்சி. புல் வெட்டியிருந்தார்கள், கோடுகளும் புதிது. இரண்டு புதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி பூனையைக் காட்டி, அவங்கதான் கோச்சா என்று என்னிடமே கேட்டாள். பூனை அந்த அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள்.

சிவப்பு, நீலம் என்று பிரித்ததும் ஓர் ஆள் குறைந்தது. வக்கீல் மஞ்சள் பனியனை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். குறும்புதான், எனக்குத் தெரியாதா?

இவர் வேனில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு மாட்டிவிட்டேன். வேலை பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு மனிதர் உள்ளே ஓடினார். இங்க, இங்க என்று கையை ஆட்டிக்கொண்டு நடுவில் அலைந்தார். எப்படித்தான் ஓடினாலும் யாரும் அவருக்குப் பந்தே கொடுக்கவில்லை. பூட்டு சிரித்துச் சிரித்துக் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தப்பித் தவறி ஒன்று அவர் காலில் பட்டது. அடுத்த நொடி வக்கீல் அவரைத் தட்டிவிட்டு எடுத்துப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பந்து கோட்டைத் தாண்டி என் பக்கம் உருண்டு வந்தது. குனிந்து கையால் எடுத்து, த்ரோ போட வந்த புதுப் பெண்ணிடம் கொடுத்தேன்.